பி0420 வந்துச்சா? கன்வர்ட்டரை கழட்டுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துருங்க

போன வருஷம் ஒரு நாள் காலைல ஆபீஸ் கிளம்பறப்ப மீட்டர்ல மஞ்சக் கலர்ல எஞ்சின் படம் எரிஞ்சுது, அணையவே இல்ல. வண்டி நல்லாத்தான் ஓடுது, பிக்கப் குறையல, சத்தம் கித்தம் எதுவும் இல்ல. ஒரு வொர்க்‌ஷாப்ல கொண்டு போய் விட்டா ஸ்கேனரை மாட்டுன அஞ்சாவது நிமிஷம் "சார், பி0420 கோட் காட்டுது, புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டர் போயிருச்சு, மாத்தணும், 38,000 ஆகும்"னுட்டாங்க. குனிஞ்சு அடியில கூட பாக்கல. கடைசில அது 350 ரூபா பேக்கிங்ல முடிஞ்சுது, அந்த கதைய கீழ சொல்றேன். என்னை மாதிரி மெக்கானிக் இல்லாத ஆளுங்க, முதல் தடவை இந்த கோட பாத்து பயந்து போனவங்க, அவங்களுக்காகத்தான் இது. பெட்ரோல் காருக்கு மட்டும், டீசல் தனி கதை.

முதல்ல இந்த கோட் என்ன சொல்லுதுன்னு புரிஞ்சுக்கணும், அது புரியாமத்தான் பாதி பேர் காச விடுறோம்.

எஞ்சின்லருந்து வர்ற புகையில கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு எல்லாம் இருக்கும். கன்வர்ட்டருக்குள்ள தேன்கூடு மாதிரி பீங்கான் கட்டி, அது மேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. சூடான புகை அது வழியா போறப்ப விஷம் குறைஞ்சு வெளிய வரும். அதுக்கு முன்னாடி ஒரு ஆக்ஸிஜன் சென்சார், பின்னாடி ஒண்ணு. முன் சென்சார் பெட்ரோல் கூடவா கம்மியான்னு ஈசியுவுக்கு (எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர்) சொல்லும், ஈசியு கூட்டி குறைச்சுகிட்டே இருக்கும், அதனால அந்த ரீடிங் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல ஏறி இறங்கிட்டே இருக்கும். பின் சென்சார் மட்டும் ஆடாம 0.6, 0.7ல நிக்கணும்.

ஏன் நிக்கணும்? எங்க ஊர்ல கார்ப்பரேஷன் தண்ணி வரும் போகும், ஆனா மாடில டேங்க் இருக்குறதால குழாய்ல எப்பவும் தண்ணி ஒரே மாதிரி வருதுல்ல, அதே கணக்குதான். கன்வர்ட்டருக்குள்ள சீரியம்னு ஒரு பொருள் கலந்திருப்பாங்க, ஆக்ஸிஜன் அதிகமா வர்றப்ப அது பிடிச்சு வச்சுக்கும், கம்மியா வர்றப்ப எடுத்து விடும். பின் சென்சார்தான் நம்ம குழாய். டேங்க்ல சேறு நிரம்பிட்டா என்ன ஆகும், கார்ப்பரேஷன் லைன்ல வர்ற மாதிரியே குழாய்லயும் விட்டு விட்டு வரும். அப்படி பின் சென்சாரும் முன் சென்சார் மாதிரியே ஆட ஆரம்பிச்சா ஈசியு பி0420 போடும். அதாவது "ஒண்ணாவது பேங்க்ல கன்வர்ட்டரோட வேலைத்திறன் அளவுக்கு கீழ போயிருச்சு"ன்னு அர்த்தம். பேங்க்னா சிலிண்டர் வரிசை, நம்ம நாலு சிலிண்டர், மூணு சிலிண்டர் வண்டிகள்ல ஒரே பேங்க்தான், அதனால பி0420தான் வரும். வி6 மாதிரி பெரிய எஞ்சின்ல இன்னொரு பக்கத்துக்கு பி0430 வரும்.

ஸோ, "கன்வர்ட்டர் செத்துப்போச்சு"ன்னு அந்த கோட் சொல்லல. பின்னாடி வர்ற ரீடிங் சரியில்லன்னு மட்டும்தான் சொல்லுது. ஏன் சரியில்லன்னு நாமதான் பாக்கணும்.

முதல் வேலை: லைட் எப்படி எரியுதுன்னு பாருங்க

நிலையா எரிஞ்சா பதட்டம் வேண்டாம், ஓட்டலாம், ரெண்டு மூணு நாள்ல பாத்துக்கலாம். விட்டு விட்டு மின்னுச்சுன்னா அது வேற. ஏதோ ஒரு சிலிண்டர்ல மிஸ் ஃபயர் ஆகி எரியாத பெட்ரோல் நேரா கன்வர்ட்டருக்குள்ள போய் அங்க எரியுதுன்னு அர்த்தம், உள்ள சூடு 1400 டிகிரிய தாண்டினா அந்த பீங்கான் உருகிடும். ஆக்ஸிலரேட்டரை விட்டு ஓரங்கட்டுங்க, முடிஞ்சா டோ பண்ணிக்குங்க. அந்த பத்து கிலோமீட்டர மிச்சம் பிடிக்கப் போய் நெஜமாவே கன்வர்ட்டரை கொன்னுடாதீங்க.

ரெண்டாவது: சொந்தமா ஒரு அடாப்டர் வாங்குங்க

வண்டி கோட போன்லயே படிக்க உதவுற ஈஎல்எம்327 புளூடூத் அடாப்டர் ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்கு உள்ளயே கிடைக்குது. ஐபோன் வச்சிருக்கவங்க மட்டும் சாதா புளூடூத் அடாப்டர் வாங்காதீங்க, சேராது, வைஃபை இல்லன்னா பிஎல்ஈ (புளூடூத் லோ எனர்ஜி) போட்டது வாங்கணும். ஆப்புக்கு டார்க் இல்லன்னா கார் ஸ்கேனர், ரெண்டும் போதும். ஸ்டீரிங்குக்கு கீழ, முழங்கால் படுற இடத்துல 16 பின் சாக்கெட் இருக்கும், அதுல மாட்டி இக்னிஷன் ஆன் பண்ணிட்டு கோட் படிங்க. இந்தியால 2013 ஏப்ரல்ல ஓபிடி (வண்டி தன்னைத்தானே செக் பண்ணிக்கிற சிஸ்டம்) ரெண்டாம் கட்டம் கட்டாயமாச்சு, அதனால அதுக்கப்புறம் வந்த கார்னா பயப்பட வேண்டாம், சென்சார் ரீடிங் எல்லாம் வரும்.

கோட் தெரிஞ்ச உடனே எல்லாருக்கும் கை அரிக்கும், கிளியர் பட்டனை அமுக்கலாம்னு. அமுக்காதீங்க. கோட் விழுந்த நிமிஷத்துல வண்டி என்ன ஸ்பீடு, எஞ்சின் எவ்ளோ சூடு, எவ்ளோ லோடுன்னு ஈசியு ஒரு போட்டோ எடுத்த மாதிரி வச்சிருக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம்னு பேரு, கிளியர் பண்ணா அதுவும் அழிஞ்சுடும். எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க, பெண்டிங்ல (இன்னும் உறுதியாகாம) இருக்குற கோடையும் சேத்து.

மூணாவது: கூட வேற கோட் இருக்கா?

இருந்தா பி0420ஐ மறந்துடுங்க, அதை முதல்ல பாருங்க. பி0300லருந்து பி0304 வரைக்கும் வந்தா மிஸ் ஃபயர், பிளக், காயில் பக்கம் போங்க. பி0171 வந்தா பெட்ரோல் கம்மியா போகுது, பி0172 வந்தா அதிகமா போகுது. பி0135, பி0141 ரெண்டும் சென்சாருக்குள்ள இருக்குற ஹீட்டர் பிரச்சனை. பி0128 வந்தா தெர்மோஸ்டாட், எஞ்சின் சரியா சூடே ஆகல, எஞ்சின் சூடாகலன்னா பெட்ரோல் அதிகமா போய்கிட்டே இருக்கும். இதையெல்லாம் சரி பண்ணா பி0420 தானா போயிடுற கேஸும் உண்டு.

நாலாவது: லீக் இருக்கான்னு பாருங்க, ஸ்கேனரை விட இது முக்கியம்

சைலன்சர் லைன்ல ஒரு சின்ன ஓட்டை இருந்தா புகை வெளிய போகும், அது தெரிஞ்சதுதான், ஆனா வெளிக்காத்து உள்ளயும் போகும். புகை சீரா போறதில்ல, துடிச்சு துடிச்சுதான் போகும், ரெண்டு துடிப்புக்கு நடுவுல காத்தை உள்ள இழுக்கும். அந்த காத்துல இருக்குற ஆக்ஸிஜன பாத்து பின் சென்சார் குழம்பும், ஈசியு கன்வர்ட்டர் மேல பழிய போடும். மெனிஃபோல்டுலருந்து (எஞ்சின்லருந்து புகை வெளிய வர்ற முதல் குழாய்) பின் சென்சார் வரைக்கும் உள்ள ஒவ்வொரு ஜாயிண்ட்டும் சந்தேகத்துக்கு உரியதுதான்.

காலைல எஞ்சின் ஜில்லுனு இருக்கப்பதான் இத பண்ணணும், சூடா இருந்தா கை வெந்துடும். அதோட சூடு ஏறுனா இரும்பு விரிஞ்சு சின்ன லீக் தானா மூடிக்கும், காலைல ஸ்டார்ட் பண்ண உடனே "டிக் டிக் டிக்"னு சத்தம் வந்து அஞ்சு நிமிஷத்துல மறையுதுன்னா அது இதாத்தான் இருக்கும். ஜாக்கி மட்டும் வச்சுட்டு வண்டிக்கு அடியில படுக்கவே கூடாது, ஸ்டாண்ட் போடுங்க இல்லன்னா பிட் இருக்குற கடைக்கு போங்க. மூடுன ஷெட்டுக்குள்ள எஞ்சின ஓட விடாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

என் வண்டில நான் பண்ணது இதுதான். ஞாயித்துக்கிழமை காலைல எஞ்சின் ஆஃப்ல இருக்கப்பவே வீட்டு வேக்கம் கிளீனரை ஊதுற பக்கம் மாத்தி, ஒரு பழைய துணியச் சுத்தி சைலன்சர் வாய்ல செருகினேன். என் பொண்ணு ஒரு கிண்ணத்துல பாத்திரம் தேய்க்கிற லிக்விட கரைச்சு பழைய பெயிண்ட் பிரஷ்ஷோட நின்னா. ஒவ்வொரு ஜாயிண்டா தடவிட்டு வந்தேன், மெனிஃபோல்டு ஓகே, முன் சென்சார் மரை ஓகே. கன்வர்ட்டர் முடியுற இடத்துல ரெண்டு ஸ்பிரிங் போல்ட் போட்ட ஜாயிண்ட் ஒண்ணு, நடுவுல வளையல் மாதிரி ஒரு வட்ட பேக்கிங், அதுலருந்து ஒரு சாண் தள்ளி பின் சென்சார். அங்க தடவுன உடனே மேல் பக்கம், என் கண்ணுக்கு தெரியாத இடத்துல, "அப்பா அங்க பபுள் வருது"ன்னு அவதான் சொன்னா. எட்டிப் பாத்தா நுரை கொப்பளிக்குது, பக்கத்துலயே கட்டைவிரல் அளவுக்கு கரி படிஞ்சிருக்கு. அந்த கரிய டார்ச் அடிச்சு பாத்திருந்தாலே போதும், வேக்கம் கிளீனர் கூட தேவையில்ல! பேக்கிங் 350, தெருக்கோடி மெக்கானிக் அண்ணனுக்கு கூலி 400, ஒரு ஸ்பிரிங் போல்ட் துருப்பிடிச்சு உடைஞ்சதால அதுக்கு தனியா 120.

அஞ்சாவது: லைவ் டேட்டா

லீக் இல்லன்னா இங்க வாங்க. வண்டிய 20 நிமிஷம் நல்லா ஓட்டி சூடாக்குங்க, கன்வர்ட்டர் சுமார் 300 டிகிரி ஏறுனாத்தான் வேலையே ஆரம்பிக்கும், ஜில்லுனு இருக்க வண்டில பாத்துட்டு போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. ஓரமா நிறுத்தி நியூட்ரல்ல 2500 ஆர்பிஎம் ரெண்டு நிமிஷம் பிடிங்க, ஆப்ல சென்சார் 1, சென்சார் 2 ரெண்டையும் ஒரே கிராஃப்ல போடுங்க.

முன்னது வேகமா ஏறி இறங்குது, பின்னது 0.6லருந்து 0.8க்குள்ள லேசா மிதந்துட்டு நிக்குதுன்னா கன்வர்ட்டர் உயிரோட இருக்கு. பின்னதும் முன்னது கூடவே அதே வேகத்துல ஜோடி போட்டு ஆடுதுன்னா டேங்க் காலி, அது நெஜமான பி0420. ஐடில்ல விடுறப்ப மட்டும் பின்னது தாறுமாறா கீழ விழுந்து, 2500ல பிடிச்ச உடனே ஒழுங்கா நிக்குதுன்னா லீக்க மறுபடி தேடுங்க, என் வண்டில இப்படித்தான் இருந்துச்சு, ஆர்பிஎம் ஏறுனா புகையோட அழுத்தம் கூடி காத்து உள்ள வர்றது நின்னுடுது.

புதுசா வர்ற பல வண்டிகள்ல முன்னாடி இருக்குறது சாதா ஆக்ஸிஜன் சென்சார் இல்ல, ஏர் ஃபியூல் சென்சார். அது வோல்ட்ல ஏறி இறங்காது, ஆப்ல லாம்ப்டா (காத்தும் பெட்ரோலும் கலக்குற அளவு, 1.00னா சரியா இருக்கு) 1.00 பக்கத்துல காட்டும். அதை பாத்து சென்சார் போயிருச்சுன்னு நினைச்சுறாதீங்க, பின் சென்சார் ஆடுதா நிக்குதான்னு மட்டும் பாருங்க.

இங்க ஒண்ண அழுத்தி சொல்லணும். நெறைய பேர் "கன்வர்ட்டர் விலை ஜாஸ்தி, முதல்ல பின் சென்சாரை மாத்தி பாப்போம்"னு 4,000, 5,000 செலவு பண்றாங்க. யோசிச்சு பாருங்க, பின் சென்சார் வேகமா ஆடுறதாலதான் இந்த கோடே விழுது. வயசாகி சோம்பேறியான சென்சார் மெதுவா ஆடும், அது கெட்ட கன்வர்ட்டரை கூட நல்லதுன்னு காட்டுமே தவிர நல்லதை கெட்டதுன்னு காட்டுறது ரொம்ப அபூர்வம். சந்தேகம்னா சென்சாரை டெஸ்ட் பண்ணலாம், டக்குனு ஒரு ரேஸ் குடுங்க 0.8க்கு மேல போகணும், விட்ட உடனே 0.1, 0.2க்கு விழணும். ரெண்டும் நடந்தா சென்சார் நல்லாருக்கு, காச வீணாக்காதீங்க.

அப்படியே ஃபியூல் டிரிம்மும் (ஈசியு பெட்ரோல எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுன்னு காட்டுற நம்பர்) பாத்துருங்க, ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ரெண்டையும் கூட்டுனா பிளஸ் 10க்கும் மைனஸ் 10க்கும் நடுவுல இருக்கணும். பிளஸ்ல ஜாஸ்தியா போனா ஈசியு பெட்ரோல் சேத்து சேத்து விடுது, எங்கயோ காத்து அளவுக்கு மேல வருது இல்லன்னா பெட்ரோல் பிரஷர் கம்மி. ஐடில்ல பிளஸ் 20, 2500ல நார்மல்னா வேக்கம் ஹோஸ் ஏதோ வெடிச்சிருக்கு, கண்ண மூடிட்டு சொல்லலாம். மைனஸ்ல ரொம்ப போனா இன்ஜெக்டர் ஒழுகுது, இல்ல பர்ஜ் வால்வு (பெட்ரோல் டேங்க் ஆவிய எஞ்சினுக்குள்ள விடுறது) திறந்தே நிக்குது, இப்படி ஏதாவது. ரிச்சா, அதாவது பெட்ரோல் அதிகமா போய் ஓடுற வண்டிதான் கன்வர்ட்டரை மெதுவா கொல்லும்.

ஆறாவது: கொலைகாரன் யாரு?

சரி, லீக் இல்ல, பின் சென்சார் ஜோடி போட்டு ஆடுது, கன்வர்ட்டர் போயிருச்சுன்னே வச்சுக்குவோம். இப்பதான் உண்மையான வேலை ஆரம்பம். கன்வர்ட்டர் தானா சாகுறது கம்மி, யாரோ கொல்றாங்க. அத பிடிக்காம புதுசு மாட்டுனா அதுவும் சாகும்.

எங்க எதுத்த வீட்டு அண்ணன் கார்ல அதான் ஆச்சு. ஒரு தடவை மாத்தினாரு, ஒன்றரை வருஷத்துல மறுபடி அதே கோட். என்கிட்ட கூப்பிட்டு காட்டினாரு, நான் முதல்ல கேட்டது "அண்ணே, ஆயில் டாப் அப் பண்றீங்களா?"ன்னுதான். "ஆமாப்பா, ஒவ்வொரு சர்வீஸுக்கு நடுவுல ரெண்டு லிட்டர் ஊத்துவேன், பழைய வண்டின்னா அப்படித்தான"ங்கறாரு சர்வ சாதாரணமா. எஞ்சின் ஆயில்ல தேய்மானத்த தடுக்க பாஸ்பரஸ் சேப்பாங்க, ஆயில் எரிஞ்சா அது போய் அந்த விலை உயர்ந்த பூச்சு மேல படிஞ்சு மூடிடும். பிளக்க கழட்டி பாத்தோம், மூணாவது சிலிண்டர் பிளக் மட்டும் எண்ணெய் பசையோட கருப்பா. அவருக்கு வால்வு சீல் மாத்த வேண்டியிருந்துச்சு, முதல் தடவையே அத பண்ணிருந்தா ஒரு கன்வர்ட்டர் காசு மிச்சம்.

அதனால நீங்களும் பாருங்க: டிப் ஸ்டிக்ல ஆயில் குறையுதா, கூலண்ட் காரணமே இல்லாம குறையுதா (ஹெட் கேஸ்கெட் வழியா உள்ள போய் எரிஞ்சா அதுவும் பூச்சை கெடுக்கும்), பிளக் கடைசியா எப்ப மாத்தினீங்க, காயில் தகராறு இருக்கா. சமீபத்துல எஞ்சின் வேலை பாத்திருந்தா, சென்சாருக்கு ஆகாத சாதா சிலிக்கோன் பேஸ்ட்ட அப்பிட்டாங்களான்னும் கேளுங்க. ஈயமும் இதுக்கு பரம எதிரி, 1995ல நாலு பெருநகரத்துல புது பெட்ரோல் காருக்கு கன்வர்ட்டர் கட்டாயமாக்கினப்ப கூடவே ஈயம் இல்லாத பெட்ரோலையும் கொண்டு வந்தது அதனாலதான். இன்னைக்கு அந்த கவலை இல்ல. அடி வாங்குறது இன்னொரு காரணம், ஸ்பீட் பிரேக்கர்ல இடிச்சு நசுங்கியிருக்கலாம், இல்ல நல்லா ஓட்டி சூடா இருக்கப்ப முட்டளவு மழைத் தண்ணில இறக்கி பீங்கான் விண்டிருக்கலாம். எஞ்சின் ஆறினப்புறம் ரப்பர் சுத்தியலால மெதுவா தட்டிப் பாருங்க, உள்ள கல்லு குலுங்குற மாதிரி கடகடன்னு கேட்டா உடைஞ்சு கெடக்கு.

உடைஞ்சது நகர்ந்து அடைச்சிட்டா வண்டி மேடு ஏறாது, 3000 ஆர்பிஎம்முக்கு மேல மூச்சு முட்டும். இத உறுதி பண்ண முன் சென்சாரை கழட்டி அந்த ஓட்டைல பிரஷர் கேஜ் மாட்டுவாங்க, ஐடில்ல 1.5 பிஎஸ்ஐக்குள்ள, 2500ல 3 பிஎஸ்ஐக்குள்ள இருக்கணும். இத மெக்கானிக்கிட்டயே விட்டுருங்க, துருப்பிடிச்ச சென்சார் மரைய கெடுத்துகிட்டா செலவு ரெட்டிப்பு.

பியூசி (பொல்யூஷன் டெஸ்ட்) ஸ்லிப்பையும் தூக்கி போடாதீங்க, அதுவும் ஒரு ஓசி டெஸ்ட்தான். பிஎஸ்4 பெட்ரோல் வண்டிக்கு ஐடில்ல கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்தான் அதிகபட்சம், ஹை ஐடில்ல லாம்ப்டா 0.97லருந்து 1.03க்குள்ள. ஒழுங்கா குழாய உள்ள விட்டு எடுக்குற சென்டர்ல எடுங்க, நம்பர் பிளேட்ட மட்டும் போட்டோ புடிச்சுட்டு ஸ்லிப் குடுக்குற இடத்துல எடுத்து என்ன புண்ணியம்.

மாத்தியே ஆகணும்னா

கம்பெனி பார்ட்டா வெளி பார்ட்டாங்கறது உங்க பட்ஜெட், ஆனா ரொம்ப மலிவா கிடைக்குறதுல பூச்சு கம்மியா இருக்கும், கொஞ்ச நாள்ல அதே கோட் மறுபடி வரும். வாங்குறதுக்கு முன்னாடி உங்க மாடலுக்கு ஈசியு சாஃப்ட்வேர் அப்டேட் ஏதாவது வந்திருக்கான்னு ஷோரூம்ல ஒரு வார்த்தை கேட்டுருங்க, சில வண்டிகளுக்கு அதுலயே தீர்ந்துருக்கு. அமெரிக்காவுல இருக்குறவங்க முதல்ல வண்டி வயச பாருங்க, அங்க சட்டப்படியே கன்வர்ட்டருக்கு 8 வருஷம் அல்லது 80,000 மைல் வாரண்டி உண்டு. பழைய கன்வர்ட்டரை கையோட கேட்டு வாங்கிக்குங்க, அதுக்குள்ள இருக்குற ரோடியம் விலை தங்கத்தையே தாண்டி நின்ன காலம் உண்டு, "அது வேஸ்ட் சார்"னு யாராவது சொன்னா சிரிச்சுகிட்டே டிக்கில ஏத்திருங்க.

"உள்ள இருக்கறத உடைச்சு எடுத்துட்டு, சென்சாரை புகைலருந்து தள்ளி வைக்க ஒரு ஸ்பேசர் மாட்டி விட்டுறேன், லைட் வராது"ன்னு ஒரு அறிவுரை கண்டிப்பா வரும். லைட் வராதுதான். உங்களுக்கு பின்னாடி பைக்ல வர்றவரு மூக்குலதான் வரும்.

கடைசியா, சரியாச்சான்னு எப்படி தெரியும்

இப்பதான் கோட கிளியர் பண்ணணும். கிளியர் பண்ண உடனே லைட் அணைஞ்சுடும், அத நம்பி ஜெயிச்சுட்டோம்னு நினைக்காதீங்க, ஈசியு இன்னும் கன்வர்ட்டரை டெஸ்ட்டே பண்ணல. ஆப்ல ரெடினஸ்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல கேட்டலிஸ்ட் "இன்கம்ப்ளீட்"னு காட்டும். அது "கம்ப்ளீட்" ஆகணும்னா ராத்திரி முழுக்க ஆறுன வண்டிய எடுத்து, சூடாக்கி, 60லருந்து 80 ஸ்பீடுல ஆக்ஸிலரேட்டரை ஆட்டாம பத்து பதினஞ்சு நிமிஷம் ஓட்டணும், டவுன் டிராஃபிக்ல ஒரு வாரம் ஓட்டினாலும் ஆகாது. அதோட பல வண்டிகள்ல ரெண்டு தடவை தொடர்ந்து ஃபெயில் ஆனாத்தான் லைட் எரியும், அதனால ஒரு ட்ரிப்ப வச்சு முடிவு பண்ணாதீங்க, பெண்டிங்லயும் ஒண்ணும் இல்லையான்னு பாருங்க.

நான் பேக்கிங் மாத்துன மறுநாள் விடிகாலைல பொள்ளாச்சி ரோட்டுல எடுத்தேன், கிணத்துக்கடவு தாண்டி டீ குடிக்க நிறுத்துனப்ப ஆப்ப திறந்து பாத்தா கேட்டலிஸ்ட் கம்ப்ளீட், பெண்டிங் எதுவும் இல்ல. அன்னைக்கு சாயங்காலமே அந்த 38,000 ரூபா எஸ்டிமேட் பேப்பர்ல பின்பக்கம் பொண்ணு பெயிண்ட் பிரஷ்ஷோட நிக்கிற மாதிரி ஒரு படம் வரைஞ்சு வச்சிருந்தா, இன்னும் ஃபிரிட்ஜ்லதான் ஒட்டியிருக்கு.